ஆண்டறிக்கை 2024–25: காலண்டர் அண்ணாச்சி இல்லாத ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வியாபாரப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மே 5 வணிகர் தினத்தன்று கடைகளை அடைத்துவிட்டு வேன் பிடித்து மாநாட்டுக்குப் போய் வந்தோம். தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை வைக்கும் முகாமை இந்த முறையும் நம் கட்டடத்திலேயே நடத்தினோம். மற்றவை மாதாந்திரக் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மீதி அறிக்கையை ஒரே ஒருவருக்காக எடுத்துக்கொள்கிறேன். செயற்குழு சம்மதம் கொடுத்திருக்கிறது.

சென்ற ஆவணியில் காலண்டர் அண்ணாச்சி காலமானார். வயது 74. நம் பஜாரில் அண்ணாச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலண்டர் அண்ணாச்சி என்றால் அவர் ஒருவர்தான். சங்க விதிப்படி ஊருக்குள் கடை வைத்திருப்பவர்தான் உறுப்பினராக முடியும். அவருக்குக் கடை கிடையாது, தோளில் தொங்கிய ரெக்சின் பைதான் கடை. அவருக்காக விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டோம். கடைசி வரை சந்தா பாக்கி வைத்ததில்லை.

இளைய உறுப்பினர்களுக்கு அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவகாசியில் ஆடி 18 அன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். முருகன், விநாயகர், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதீனா, குழந்தைப் படம், இயற்கைக் காட்சி என்று எல்லா மாதிரியும் அதில் இருக்கும். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஆளுக்கொரு திசையாகக் கிளம்புவார்கள். அதற்கு லைன் என்று பெயர். அண்ணாச்சிக்குக் கம்பம் லைன். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டியில் ஆரம்பித்து தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை கடை கடையாக ஏறி இறங்குவார். எந்தப் படம், எத்தனை காலண்டர், கடைப் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று எழுதி, அட்வான்ஸ் வாங்கி வருவார். மார்கழியில் டெலிவரி, தை பிறந்தால் வசூல். ஆல்பம் கனம். வருடக்கணக்காக அதைச் சுமந்ததில் அவருடைய இடது தோள் வலது தோளைவிட இறங்கியே இருக்கும்.

1996 அக்டோபரில், பத்து வருடம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பேரூராட்சித் தலைவரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். அண்ணாச்சி சுயேச்சையாக நின்று ஜெயித்தார். வருடத்தில் பாதி நாள் ஊரிலேயே இல்லாதவருக்கு எதற்குத் தலைவர் பதவி என்று பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

முதல் காரியமாக அவர் கை வைத்தது பேருந்து நிலையத்தில். எங்களுக்கு ஏமாற்றம்தான். பஜார் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு கேட்டுக்கொண்டிருந்தோம், அவரோ கழிப்பறையைச் சரிசெய்து தண்ணீர் வர வைத்தார். உட்கார பெஞ்சு போட்டார். ராத்திரி முழுக்க எரிகிற மாதிரி விளக்கு மாட்டினார். அப்புறம் காலண்டருக்கு அட்டை போடும் கணக்கிலேயே ஒரு பெரிய தகரப் பலகையில் பேருந்து நேரங்களை எழுத வைத்தார். எழுதுவதற்கு முன் ஒரு வாரம் விடியற்காலை நாலு மணிக்கே போய் நின்று, எந்த வண்டி உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வாழ்நாளில் பாதியை அடுத்த ஊர்ப் பேருந்து நிலையங்களில் கழித்தவருக்கு, வெளியூர்க்காரன் நம் ஊரில் இறங்கியதும் எதைத் தேடுவான் என்று தெரிந்திருந்தது. அதிலும், பெண்கள் படும் அவஸ்தையைப் பார்த்திருந்தார். இது எங்களுக்குப் புரிய நாளானது.

அடுத்து அந்த ஆர்டர் புத்தகம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடைகளில் ஆர்டர் எடுக்கும் அதே கார்பன் புத்தகத்தைப் பேரூராட்சி அலுவலகத்துக்கும் கொண்டுபோனார். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று யார் வந்தாலும் புத்தகத்தை விரித்து, நடுவில் கார்பனைச் செருகி, பெயர், தெரு, காரியம் என்று எழுதுவார். கீழே டெலிவரி தேதி என்று அச்சடித்த கட்டத்தில் ஒரு தேதி போடுவார். மேல் தாள் வந்தவருக்கு, கார்பன் பதிந்த தாள் அவருக்கு. முடியாத காரியமாக இருந்தால் தேதிக் கட்டத்தில் "முடியாது" என்று எழுதி, அதையும் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். ஆறு மாதம் அலையவிட மாட்டார். மனுவை வாங்கிப் பைலில் வைத்துப் பழகிய அலுவலகத்தில் அந்தச் சின்னத் தாளுக்கு இருந்த மரியாதையை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

எனக்கும் ஒரு தாள் கிடைத்தது. என் கடைச் சந்துக்குத் தெருவிளக்கு கேட்டிருந்தேன். 1998 பங்குனிக்குள் என்று தேதி போட்டுக் கொடுத்தார். தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, லைனில் இருந்து திரும்பியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையும் கையுமாக என் கடைக்கு வந்தார். "தம்பி, விளக்குக் கம்பம் வந்து சேரலை. சித்திரை ஆயிரும். அந்தத் தாளைக் கொண்டா" என்று வாங்கி, பழைய தேதியை அடித்துப் புதுத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கோபமாகத்தான் பேசினேன். அவர் பதிலுக்குச் சொன்னது: "தேதி தள்ளுனா நம்மளே முந்திக்கிட்டுப் போய்ச் சொல்லிறணும்ப்பா. கடைக்காரன் வருசம் முழுக்க நாம குடுத்த காலண்டரத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்." சித்திரையில் விளக்கு எரிந்தது.

தலைவராக இருந்த ஐந்து வருடமும் லைனை விடவில்லை. விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. சீசனில் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் வியாழன் ராத்திரி திரும்புவார், வெள்ளியன்று அலுவலகத்தில் இருப்பார். 2001-இல் மறுபடி நிற்கச் சொல்லிச் சங்கமே போய்க் கேட்டது. புத்தகத்தை எடுத்து, "முடியாது" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் சங்கப் பீரோவில் இருக்கிறது.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த சமயம், அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாத சின்னக் கடைகளுக்கெல்லாம் அச்சகத்தில் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் காலண்டர் அடித்துக் கொடுத்தார். மதுரை–போடி ரயில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோனதில் அவருக்குத் தீராத வருத்தம். 2022 மே மாதம் தேனி வரை மறுபடி ரயில் விட்டபோது, இதற்காகவே மதுரைக்குப் போய் ஏறி, ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போய் வந்ததாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சென்ற ஆடி 18-க்கும் லைனுக்குப் போனார். அதுதான் கடைசி.

கருமாதி முடிந்த பிறகு மதினி எனக்கு ஆள் அனுப்பினார்கள். ரெக்சின் பையை என் முன்னால் வைத்து, "அட்வான்ஸ் வாங்கியிருக்காக. காலண்டர் போய்ச் சேரணும், தம்பி" என்றார்கள். ஆர்டர் புத்தகத்தில் நாற்பத்தொரு கடைகள் இருந்தன. அன்றைய செயற்குழுவில் வேறு பேச்சே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. அச்சகத்தில் பேசி அடிக்க வைத்தோம். மார்கழியில் நாங்கள் மூன்று பேர் வேன் எடுத்துக்கொண்டு ஆண்டிபட்டியில் இருந்து கூடலூர் வரை அவர் எழுதியிருந்த வரிசையிலேயே கடை கடையாகப் போய் இறக்கினோம்.

உத்தமபாளையத்தில் ஒரு இரும்புக் கடை. செய்தியைச் சொன்னதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். எங்களை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். ஒரே ஆணியில் பழைய காலண்டர் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. தாளெல்லாம் கிழித்து முடித்த வெறும் அட்டைகள்தான், சாமி படம் இருப்பதால் தூக்கிப்போட மனமில்லாமல் சேர்ந்தவை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த அட்டையில் 1987 என்று இருந்தது. "ஆணி அவர் அடிச்சதுதான்" என்றார். நாங்கள் கொண்டுபோனதை அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தோம்.

பேருந்து நிலைய நேரப் பலகையைத் தை மாதம் சங்கச் செலவில் புதிதாக எழுதி வைத்திருக்கிறோம். நேரங்கள் மாறியிருந்ததால் நம் உறுப்பினர்கள் முறை போட்டுக்கொண்டு விடியற்காலையில் நின்று பார்த்துக் குறித்தார்கள்.

வசூலும் முடிந்தது. நாற்பது கடைகளின் பாக்கியும் வந்து, மதினியிடம் கணக்கோடு ஒப்படைத்துவிட்டோம். சின்னமனூரில் ஒரு டீக்கடை மட்டும் மீதி. இருபத்தைந்து காலண்டர், பிள்ளையார் படம். அந்த ஆர்டரின் கார்பன் தாளில் தொகை எழுதும் இடத்தில் அண்ணாச்சி பேனாவால் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார். பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம், 2020-இல் இருந்து அந்தக் கடைக்கு வருடா வருடம் அதே கோடுதான். இந்த வருடச் சீசனில் அந்தக் கடைக்கு இருபத்தைந்து காலண்டரைச் சங்கம் அனுப்பும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்