தசைக்குள்ளேயே தூங்கும் செல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘ஸ்டெம் செல் ஊசி’ கட்டுரை, பழுதான தசைக்கு ஸ்டெம் செல்களை (பெருகிப் புதுச் செல்களை உருவாக்கும் செல்களை) ஊசியில் செலுத்துவது பற்றிப் பேசியது. ஆனால் அப்படிப்பட்ட செல்கள் நம் தசைக்குள்ளேயே இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி தவளையின் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசைநாரின் சவ்வுக்கும் மேலுறைக்கும் நடுவே ஒட்டிக்கிடந்த சிறு செல்களைக் கண்டார். ‘சாட்டிலைட் செல்’ என்று பெயர் வைத்தார். சாதாரண நாளில் அவை தூங்கும். தசை கிழிந்தால் விழித்துப் பெருகும். பல செல்கள் பழுதான நாரோடு இணைந்துவிடும். சில மறுபடி தூங்கப் போய்விடும், அடுத்த காயத்துக்குக் கையிருப்பு வேண்டுமே!

போன வருடம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்தது. ஒரு கிளினிக்கில் ஊசிக்கு ஒன்றரை லட்சம் கேட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் தம்பி கொடுத்ததோ ஒரு ரப்பர் பட்டை. சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கியே, இரண்டரை மாதத்தில் மாடிப்படி ஏறினேன். (அறுபத்தெட்டு வயதில் அந்தச் செல்களும் கொஞ்சம் சோம்பேறிதான்.)

டூஷென் தசைச் சிதைவு என்ற மரபணு நோய் உள்ள பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு நார் ஓயாமல் பழுதாகிறது. அதைச் சரிசெய்ய 1990-களில் பிறருடைய தசைச் செல்களை ஊசியில் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலானவை மடிந்தன, பிழைத்தவையும் ஊசி போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) 2017 நெறிமுறையில், ரத்த நோய் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்டிருக்கிறது. தசைக்கான ஊசி இன்னும் ஆய்வு நிலையில்தான். ஆனால் கட்டுரைக்குக் கீழேயே ‘தசைநோய்க்கு உத்தரவாத சிகிச்சை’ என்று விளம்பரம் போட்டிருக்கிறீர்களே, அதை நிறுத்தக் கூடாதா?

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்