மாஸ்டரின் கத்தி

அன்புள்ள முரளி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். ரொம்ப நாளாகக் கடிதம் இல்லை என்று திட்டுவாய். இதைப் படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நம் ஸ்கவுட் மாஸ்டரின் கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அக்கா அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும்தானே இதை வச்சு சண்டை போடுவீங்க, எந்த நாட்டுக் கத்தின்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார். பார்த்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் இல்லை, அமெரிக்கா! ஒழுங்காகக் குண்டோதரனுக்குப் பந்தயத்தைக் கொடுத்துவிடு. வட்டியும் சேர்த்துக் கேட்பான்.

பெரிய அலகின் அடியில், மடிக்கிற ஆணியை ஒட்டி, தீட்டாத பட்டையான இடம் ஒன்று இருக்குமே, செய்தவர் பெயரை அங்கேதான் அடிப்பார்கள். மாஸ்டர் கத்தியில் அந்த இடமே தெரியாமல் கறுப்பு ஏறியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தேன். வட்டத்துக்குள் 'ரெமிங்டன்' என்று தெரிந்தது. மறுபக்கம் 'ஆர்.எஸ். 3333'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, முரளி. ஆர் என்றால் ரெமிங்டன், எஸ் என்றால் ஸ்கவுட். கடைசியில் வரும் 3 கைப்பிடி எலும்பால் ஆனது என்பதைக் குறிக்கும். அந்த கம்பெனி கைப்பிடிப் பொருளுக்கு ஏற்றபடிதான் கடைசி எண்ணைப் போட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எலும்பில் இருக்க வேண்டிய பொடிப்பொடித் துளைகள் அப்படியே இருக்கின்றன. பிளாஸ்டிக்கில் அவை இருக்காது.

ரெமிங்டன் துப்பாக்கி கம்பெனி. முதல் உலகப்போர் முடிந்து ஆர்டர்கள் நின்றுபோனதும், 1920 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் கத்தி செய்ய இறங்கினார்கள். 1940இல் அந்தத் தொழிலைப் பால் என்ற பிளேடு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஆகவே நம் கத்தி அந்த இருபது வருடத்துக்குள் பிறந்தது. இதே நான்கு அலகுக் கத்தியை வால்டனில் இருந்த நியூயார்க் நைஃப் கம்பெனி, அல்ஸ்டர், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கமில்லஸ் என்று பலரும் அமெரிக்க ஸ்கவுட்டுகளுக்காகச் செய்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பெரிய அலகு, டின் ஓப்பனர், ஸ்க்ரூடிரைவர் முனையோடு பாட்டில் ஓப்பனர், குத்தூசி, தொங்கவிட ஒரு வளையம்.

பெயரைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. உடைந்த அலகை எடுத்துவிட்டு வேறு கத்தியின் அலகைப் பொருத்துவது வழக்கம்தான். அப்போது அந்தப் பெயர் அந்த அலகுக்கு மட்டுமே சாட்சி. அதனால் மற்றதையும் பார்த்தேன். நான்கு அலகுகளிலும் ஒரே மாதிரிக் கறுப்பு. டின் ஓப்பனர் பழைய கொக்கி வடிவம், போருக்குப் பிந்தைய பல கத்திகளில் அது மாறிவிட்டது. கைப்பிடியில் பதித்த ஸ்கவுட் சின்னமும் அசையாமல், சுற்றி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. இந்தக் கத்தி அசல்.

இனிதான் முக்கியமான விஷயம். 1947இல் பிரான்சில் உலக ஸ்கவுட்டுகள் கூடிய மோய்சோன் ஜாம்போரிக்குப் போனபோது ஓர் அமெரிக்கப் பையனிடம் ஸ்கார்ஃபைக் கொடுத்து இதை வாங்கியதாக மாஸ்டர் சொல்வாரே. நாம் யாரும் நம்பியதில்லை. புலிக்கதையோடு அதையும் சேர்த்துவிட்டோம். அங்கே பொருள்களை மாற்றிக்கொள்வது ஸ்கவுட்டுகளின் வழக்கமே. கத்தி 1940க்கு முந்தியது என்பதால், அந்தப் பையன் கொண்டுவந்தது அண்ணனுடையதோ அப்பாவுடையதோவாக இருக்கும். கத்தி யார் கையில் எல்லாம் இருந்தது என்று முத்திரை சொல்லாது. ஆனாலும் அவர் கதையை மறுக்க இந்தக் கத்தியில் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, உள்பக்கத்துப் பித்தளைத் தகட்டில் ஊசியால் கீறிய மாதிரி இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன: டி.டபிள்யூ. மாஸ்டரின் இனிஷியல் இல்லை. நம் ட்ரூப்பில் யாருக்குமே அது பொருந்தாது.

இதற்கிடையில் அக்காவின் பையன் பஃப் போட்டு, பளபளவென்று ஆக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறானாம். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். பாலிஷ் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முத்திரை மழுங்கிவிடும், கைப்பிடியின் செதுக்கல் தேய்ந்துவிடும். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொன்னால் 'பெரியவர்களுக்கு இதே வேலை' என்கிறான். நீ சொன்னால் கேட்பான். இந்த வாரமே அவனிடம் பேசு.

அப்புறம், உன் உறைக் கத்தியில் 'ஐ கட் மை வே' என்று இருந்ததாக ஞாபகம். அது வில்லியம் ராட்ஜர்ஸ் முத்திரை, சாட்சாத் ஷெஃபீல்ட். உன் கத்தியையும் மாஸ்டர் கத்தியையும் நீ போட்டுக் குழப்பிக்கொண்டது இதனால்தான். அதைத் தோலுறைக்குள்ளேயே வைத்திருக்கிறாயா? உடனே வெளியே எடு. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்றுவிடும்.

மாஸ்டரின் ஜாம்போரி ஆல்பம் உன்னிடம்தானே இருக்கிறது? படங்களின் பின்பக்கத்தில் பெயர் எழுதிவைப்பது அவர் பழக்கம். டி.டபிள்யூ. என்று யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து, ராத்திரியானாலும் போன் போடு.

அன்புடன்,
சேகர்