பதிவில் 'வழங்கப்பட்டது', பிள்ளைகள் கையில் இல்லை: பள்ளிக் கண்ணாடி கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ரயில்வே கேட் மேற்கு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கிட்டப்பார்வை உள்ள மாணவர்களுக்குப் பரிசோதனை முடிந்தும் கண்ணாடி வழங்கப்படாதது, பொதுத்தேர்வுக்கு முன் வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்கள் பகுதியைத் தங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போன ஐப்பசி மழையில் கேட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றபோது தாங்கள் வண்டியை விட்டு இறங்கி நடந்தே வந்தீர்கள். அப்போது எங்களைத் தங்கவைத்த இடம் இந்தப் பள்ளிதான். வேப்பமரத்துப் பக்கம், ஜன்னலைப் பலகை வைத்து அடைத்த கடைசி அறையைத் தாங்களே எட்டிப் பார்த்தீர்கள். அதுதான் பத்தாம் வகுப்பு. பகலிலும் ட்யூப்லைட் போட வேண்டும். இரண்டில் ஒன்று எரியும்.

இந்தக் கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் கண் பரிசோதனைக் குழு பள்ளிக்கு வந்தது. அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. எழுத்து அட்டையை மாட்டி, 6 மீட்டர் தள்ளி நிற்கவைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிப் பார்த்தார்கள். குறை உள்ள பிள்ளைகளின் பெயரையும் பவரையும் எழுதிக்கொண்டார்கள். ஃபிரேம் என்ன நிறம் வேண்டும் என்றுகூடக் கேட்டார்கள். காலாண்டுத் தேர்வுக்குள் கண்ணாடி வந்துவிடும் என்றார்கள். காலாண்டு முடிந்தது, அரையாண்டும் முடிந்தது, பொங்கலும் வந்து போனது. கண்ணாடி மட்டும் வரவில்லை. எனவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. எல்லோர் சார்பிலும் இதை எழுதும் நான் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனபோது, அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடகடவென்று வாசித்தாள். "நல்லாத்தானே தெரியுது" என்று அனுப்பிவிட்டார். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கிட்டத்தில் நன்றாகத்தான் தெரியும் அம்மா. விழி சற்று நீளமாக வளர்ந்துவிடுவதால், தூரத்தில் இருப்பதன் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. நான் தையல் வேலை செய்கிறேன். சாயங்காலத்துக்கு மேல் எனக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பதே அவள்தான். ஆனால் அவளுக்கு எழுதியிருக்கும் பவர் மைனஸ் 2. அரை மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவளுக்கு மங்கல். கரும்பலகை அரை மீட்டரிலா இருக்கிறது?

2. எங்களை அதிகம் வாட்டுவது வகுப்பறையில் நடப்பதுதான். உயரப்படி உட்காரவைக்கிறார்கள். உயரமான பிள்ளைக்குக் கிட்டப்பார்வை இருந்தாலும் கடைசி பெஞ்சுதான். அங்கிருந்து பார்த்தால் பலகையில் ஏதோ வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். கணக்கு வகுப்பில் மைனஸ் குறி தெரியாது, எண்ணுக்கு மேலே போடும் அடுக்கு தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அந்தப் பிள்ளை தப்பாக எழுதினால் அதே தப்பு இங்கேயும் வரும். "காப்பி அடிக்கிறாயா" என்று திட்டும் சேர்ந்து வரும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் "என்ன முறைப்பு" என்கிறார்கள். எழுந்து முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வெட்கம். பதினைந்து வயதுப் பிள்ளைகள், எத்தனை முறைதான் எழுந்து போவார்கள்? பிறகு எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. "படிப்பு ஏறவில்லை" என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள். ஏறாதது படிப்பா?

ஒரு பையன் பாலிடெக்னிக் போகும் அண்ணனின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருகிறான். அது அவனுடைய பவரே இல்லை. மதியத்துக்குள் தலைவலி வந்து டெஸ்கில் கவிழ்ந்துகொள்கிறான்.

பள்ளி விட்ட பிறகும் இதே கஷ்டம். பெண் பிள்ளைகள் இலவச பிங்க் பஸ்ஸில்தான் வருகிறார்கள். வண்டிகள் எல்லாம் ஒரே நிறம், போர்டு இவர்களுக்குத் தெரியாது. கிட்டே வந்து நின்ற பிறகு படித்து ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் ஒரு பிள்ளை தப்பான பஸ்ஸில் ஏறி பைபாஸைத் தாண்டிப் போய் இறங்கினாள். அந்த நிறுத்தம் எப்படிப்பட்ட இடம் என்று தங்களுக்குத் தெரியும். விளக்குக்கூடக் கிடையாது. அவள் வீடு வந்து சேரும் வரை அவள் அம்மா பட்ட பாட்டை இந்த மனுவில் எழுத முடியாது.

கடையில் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். முடிந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். மீதிப் பேர் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஃபிரேமும் லென்ஸும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதையும் கடன் வாங்கிக் கொடுத்திருப்போம். "அரசாங்கக் கண்ணாடி வரப்போகிறது, ஏன் வீண் செலவு?" என்று பள்ளியில் சொன்னதால்தான் காத்திருந்தோம்.

3. இப்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டால், பதிவில் 'வழங்கப்பட்டது' என்று இருக்கிறதாம்! யாருக்கு வழங்கினார்கள் அம்மா? பிள்ளைகள் முகத்தில் இல்லை, பள்ளி பீரோவிலும் இல்லை. பவர் எழுதிய தாளைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை. எங்கள் முந்தைய மனுக்களும் இப்படித்தான். கைபேசிக்கு "தங்கள் கோரிக்கை உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று செய்தி வரும், பிறகு "முடிக்கப்பட்டது" என்று வரும். எதை முடித்தார்கள் என்று கேட்டால் சுகாதாரத் துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் கல்வித் துறையைக் கேளுங்கள் என்கிறார்கள். திட்டம் இல்லை, பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இலிருந்தே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்க நம் மாநிலத்திலேயே கண்ணொளி காப்போம் திட்டம் என்று பெயர் வைத்துத் தொடங்கினார்கள். பிறகு எங்கள் பிள்ளைகளின் கண்ணாடி எந்த மேசையில் நிற்கிறது?

4. கண்ணாடி கொடுக்குமுன் இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும். வளரும் வயதில் ஒரு வருஷத்துக்குள் அரை பாயிண்ட், ஒரு பாயிண்ட் ஏறிவிடுகிறது. ஆனியில் எழுதிய பவர் தையில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை இறுகி, லென்ஸைத் தடிக்கவைத்து ஃபோகஸ் பண்ணுகிறது. இந்த வயதில் அந்தச் சக்தி அதிகம். புத்தகத்தை பத்து சென்டிமீட்டரில் வைத்தாலும் படித்துவிடுவார்கள். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை நோட்டும் புத்தகமும், இரவில் போனும் என்றிருந்தால், சிலருக்கு அந்தத் தசை தளராமல் பிடித்தபடியே நின்றுவிடுகிறது. தூரத்தில் மங்குவதால் பார்க்கக் கிட்டப்பார்வை போலவே இருக்கும். சொட்டு மருந்து போட்டுத் தசையைத் தளர்த்திச் சோதித்தால்தான் உண்மையான பவர் தெரியும் என்று வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளர் சொன்னார். (அவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஒருவர்தான், பார்க்க வேண்டிய பள்ளிகளோ ஏராளம்.) குழு வந்து பள்ளி வராண்டாவில் பரிசோதித்த அன்று யாருக்கும் சொட்டு மருந்து போடவில்லை. சந்தேகமுள்ள பிள்ளைகளுக்காவது அரசு மருத்துவமனையில் போட்டுப் பார்க்க வேண்டும். மருந்து போட்டால் அன்றும் மறுநாளும் புத்தகம் மங்கலாகத் தெரியும், அதனால் வெள்ளி மாலையிலோ சனிக்கிழமையிலோ வையுங்கள். திருப்புதல் தேர்வுக்கு முதல் நாள் வைத்துவிடாதீர்கள்.

5. மைதானம். புதுக் கட்டடத்துக்கான ஜல்லியும் கம்பியும் அங்கே கொட்டிக் கிடக்கின்றன, வேலையும் நடக்கவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் அவர்கள் விளையாட்டுத் துறை அமைச்சராக மேடையிலேயே கேட்டுக்கொண்டார், எங்கள் பள்ளிக்கு அது எட்டவில்லை போலிருக்கிறது. வெளியே வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது. சீனாவின் குவாங்சோவில் ஆறு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். எங்கள் பத்தாம் வகுப்புக்கு இது தாமதம்தான். ஆறாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காவது அந்த ஜல்லியை அகற்றித் தாருங்கள்.

6. ட்யூப்லைட். முதல் மனுவிலேயே எழுதினோம்.

அம்மா, மைதானமும் லைட்டும் கொஞ்சம் பொறுக்கும். கண்ணாடி பொறுக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு. இன்னும் நடக்கப்போகும் திருப்புதல் வகுப்புகளையாவது பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். தாங்கள் ஒரு போன் செய்தால் மாவட்ட சுகாதார அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும் ஒரே அறையில் உட்காருவார்கள். பட்டியலை மேசையில் வைத்து, 'வழங்கப்பட்டது' என்று யார் எழுதினார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். மறுபரிசோதனையை இந்த மாதத்திலேயே வைத்து, கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பெற்றோரின் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பதிவு செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி கொடுங்கள் அம்மா, வேறு எதையும் இப்போது கேட்கவில்லை.

பவர் எழுதிய தாள்களின் நகல்களை இணைத்துள்ளோம். அசல் எங்களிடம் இருக்கிறது, கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பத்தாம் வகுப்பு மாணவ, மாணவியரின் பெற்றோர்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)