விற்ற அன்றே சொல்லிவிடுங்கள்: வருமான வரித்துறைக்கு ஓர் ஆவண எழுத்தரின் மடல்

மதிப்பிற்குரிய வருமான வரித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிரயப் பத்திரம் எழுதுவது என் தொழில். 2025 வைகாசியில் ஓர் அம்மா, கணவர் உயில் எழுதி விட்டுப்போன வீட்டை 40 லட்சத்துக்கு விற்றார். கணவர் 1994இல் வாங்கியது. தை மாதம் பழைய பத்திரத்தின் ஜெராக்ஸை நாளிதழில் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். "வரி கட்ட வேண்டும் என்கிறார்களே ஐயா, குடியிருந்த வீட்டைத்தானே விற்றேன், வியாபாரமா செய்தேன்?"

கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். 2001க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 6 லட்சம் என்றால், பணவீக்கக் குறியீட்டின்படி (அன்று 100, 2025-26இல் 376) 22.56 லட்சமாகிறது. மீதி 17.44 லட்சத்துக்கு 20 சதவீதம், சுமார் 3.49 லட்சம். குறியீடு இல்லாமல், 40இல் 6 போக 34 லட்சத்துக்கு 12.5 சதவீதம் போட்டால் 4.25 லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் குறைந்ததைக் கட்டினால் போதும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டாமலிருக்க வழியே இல்லையா?" என்றார். இருந்தது. விற்ற 6 மாதத்துக்குள் அந்த 34 லட்ச லாபத்தை, அதற்கு வரிவிலக்கு தரும் அரசு நிறுவனக் கடன்பத்திரங்களில் 5 ஆண்டுக்குப் போட்டிருந்தால் வரியே இல்லை. 50 லட்சம் வரை போடலாம். அந்தக் கெடு கார்த்திகையோடு போய்விட்டது. வேறு வீடு வாங்கி வரியைத் தவிர்க்க 2 ஆண்டு உண்டு. மகன் வீட்டில் இருக்கும் 70 வயது அம்மாவுக்கு இன்னொரு வீடு எதற்கு?

வைகாசியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். டோக்கன் அழைக்கும் அவசரத்தில் பெயர், பான் எண், எல்லை விவரம் என்று எழுதி முடித்து அனுப்பிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

30 லட்சத்தைத் தாண்டிய கிரயம் என்பதால் விற்ற செய்தி பான் எண்ணோடு உங்களுக்கு வந்திருக்கும். விற்றவருக்கோ விற்ற அன்று யாரும் எதுவும் சொல்வதில்லை. விலை 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் வாங்கியவர் 1 சதவீதம் பிடித்தம் செய்யவும் வேண்டியிருக்கவில்லை. பிடித்திருந்தால் அப்படியாவது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

பதிவுத்துறையோடு பேசி ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். 'மூலதன ஆதாயம்' என்று போட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள்; 'வீடு, நிலம் விற்ற லாபம்' என்று போடுங்கள். கெடு நாட்களை முதல் வரியிலேயே சொல்லுங்கள். விற்றவர் கைரேகை வைத்துவிட்டு விரலைத் துடைக்கும்போது அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும். கொடுக்கும் வேலையை நாங்கள் கூலியில்லாமல் செய்கிறோம்.

ஆவணி முகூர்த்தங்களுக்குள் வந்துவிட்டால் நல்லது. அந்த நாட்களில்தான் டோக்கன் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்