ஆடியில் பத்து நாள்

அன்புள்ள அம்மணிக்கு,

சென்ற வாரம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து உன் வீட்டில் ஓர் இரவு தங்கிப் போனதிலிருந்து மனம் சரியாக இல்லை. ஜரிகைக் கரை போட்ட கேரளத்துக் கசவுச் சேலையின் முந்தானையில் நீ வரைந்திருந்த மயிலைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் சோறு பிசைந்த வலக்கை அப்படியே காய, இடக்கையால் யாருக்கோ விலையை அனுப்பிக்கொண்டிருந்தாயே, அதுதான் கண்ணில் நிற்கிறது. இரவு பதினொன்றரை மணிக்கு ஃபோன் ஒலித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

தமிழக-கேரள எல்லையில் சேலைகளில் வரைந்து விற்கிறவளுக்கு இரண்டு பக்கத்துப் பண்டிகைகளும் வேலையாக வந்து சேர்கின்றன. விஷு, சித்திரை ஒன்று, ஓணம், தீபாவளி என்று ஆண்டு முழுவதும் அவசரம். இரண்டு பக்கத்து உழைப்பையும் எடுத்துக்கொண்ட நீ, இரண்டு பக்கத்து ஓய்வையும் ஏன் விட்டுவிட்டாய்?

நம் நெசவாளர்கள் பலர் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். நம் ஆடி மாதம்தான் கேரளத்தில் கர்க்கிடகம், அவர்களுடைய கொல்லம் ஆண்டின் கடைசி மாதம். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். ஆண்டு முடிவதற்குள் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று அங்கே மருந்துக் கஞ்சிக்கான ஞவரை அரிசியும் வெந்தயமும் சேர்த்துக் கஞ்சி வைக்கிறார்கள், எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள், வீடுகளில் இராமாயணம் படிக்கிறார்கள். நமக்கு அதே மாதம் தள்ளுபடி மாதமாகிவிட்டது. போன ஆடியில் பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி கொடுத்தனுப்பியபோது, பார்சல் ஒட்டும் அவசரத்தில் அது ஆறிப்போய்க் கொட்டிவிட்டேன் என்று நீயே சொன்னாய்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருந்தபோது, ஓண ரவிக்கைகளுக்காக இரவு பகலாக எம்பிராய்டரி போட்டேன். விரல்கள் மரத்து, நான்கு மாதம் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. அதுகூடப் பெரிதில்லை. கை சரியான பிறகும் தாளில் ஒரு பூ வரைய மனம் வரவில்லை. அந்த ஆசை திரும்பி வர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். உலகச் சுகாதார அமைப்பு 2019இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் ‘பர்ன்அவுட்’ என்ற பெயரில் இந்த நிலைக்கும் இடம் கொடுத்தது. அது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத பணி நெருக்கடியின் விளைவு; ஆற்றல் வற்றும், வேலையிலிருந்து மனம் விலகும், திறன் குறையும் என்று அதில் இருந்ததைப் பின்னாளில் படித்தபோது அழுதுவிட்டேன்.

முழு ஆடியும் கதவைப் பூட்டு என்று சொல்லமாட்டேன். வங்கித் தவணை இருக்கிறது. பத்து நாள் போதும். அதற்கான பணம் உன் விலையிலிருந்துதான் வர வேண்டும். 1,800 ரூபாய்ச் சேலைக்கு நீ எழுதிவைத்திருந்த கணக்கைப் பார்த்தேன். துணி இருக்கிறது, சாயம் இருக்கிறது, கூரியர்கூட இருக்கிறது. மூன்று நாள் குனிந்து வரைந்த உன் கூலி எங்கே? அதைச் சேர்த்து விலை சொல். சிலர் போய்விடுவார்கள், போகட்டும். மீதிப் பேருடைய ஓண ஆர்டர்களை ஆனிக்குள் வரைந்து முடித்துவிடலாம். ஆடிக் காற்றில் நம் பக்கம் பறக்கும் புழுதி ஈரச் சாயத்தில் ஒட்டி, போன முறை இரண்டு சேலைகளைத் திரும்ப வரைந்தாய் அல்லவா?

இரவு எட்டு மணிக்கு மேல் ஃபோன் சமையலறை அலமாரியில் இருக்கட்டும். யாருக்கும் விற்காத ஒரு துணி உன்னிடம் எப்போதும் இருக்கட்டும். அதில் உனக்குத் தோன்றியதை வரை. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீ வரைந்த காக்கைகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஆடி ஒன்றாம் தேதி காலை பொள்ளாச்சி பஸ்ஸில் வருகிறேன். வெந்தயம் நான் கொண்டு வருகிறேன். ஞவரை அரிசி எங்கே கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
அக்கா