ஜார்ஜ் மைக்கேல் க்ளிப்போட நின்னுடாதீங்க: க்வீன் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள க்வீன் ரசிகர்களே, அண்ணன்களே, அக்காக்களே, இப்பதான் புதுசா கேக்க ஆரம்பிச்சிருக்குற தம்பி தங்கச்சிங்களே,

வணக்கம். நம்ம க்வீன் ராக் பேண்டோட பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு 1992ல அஞ்சலி கச்சேரி நடந்தது ஏப்ரல் 20. ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் வந்தா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். காலைல கண்ணு முழிச்சு போனை எடுத்தா அந்தக் கச்சேரில பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் க்வீனோட 'சம்படி டு லவ்' பாடுற க்ளிப் நாலு பேரு போட்டிருப்பாங்க, அதுக்குக் கீழ "ஃப்ரெடி இடத்துக்கு இவர்தான் வந்திருக்கணும்"னு ஒருத்தர் எழுதுவாரு, "யாராலயும் அந்த இடத்துக்கு வர முடியாது"ன்னு இன்னொருத்தர் எழுதுவாரு, மதியம் வரைக்கும் அதுலயே போயிடும். அந்தப் பாட்டை நான் கொறச்சு சொல்லவே மாட்டேன். அன்னிக்கு அவரு பாடினது அப்படி ஒரு பாட்டு, அப்ப அவரோட உயிருக்கு உயிரானவருக்கே எச்ஐவி இருந்துச்சு, அதை வெளிய சொல்ல முடியாம மனசுல வச்சுக்கிட்டுதான் அந்த மேடைல நின்னாருன்னு பின்னாடி தெரிஞ்சப்போ எனக்கு மறுபடி அதைப் பாக்க ரொம்ப நாள் ஆச்சு.

ஆனா நான் இந்த மடல் எழுதுறது வேற ஒரு விஷயத்துக்கு. அதே நாள், அதே வெம்ப்ளி மேடைல, சாயங்கால வெளிச்சம் இன்னும் போகாதப்பவே ஒரு அமெரிக்க ராக் பேண்ட் வந்து வாசிச்சுட்டுப் போச்சு, பேரு எக்ஸ்ட்ரீம். அதை நாம பேசவே மாட்டேங்குறோம். எனக்கு அது ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

புதுசா வந்தவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். ஃப்ரெடி 1991 நவம்பர் 24 அன்னிக்கு எய்ட்ஸால இறந்தாரு, 45 வயசு, தனக்கு அந்த நோய் இருக்குன்னு ஊருக்கு சொன்னதே அதுக்கு முந்தின நாள்தான். அஞ்சு மாசம் கழிச்சு 1992 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கட்கிழமை, க்வீன்ல மிச்சம் இருந்த பிரையன் மே, ரோஜர் டெய்லர், ஜான் டீக்கன் மூணு பேரும் சேர்ந்து லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல அவருக்கு ஒரு அஞ்சலி கச்சேரி நடத்துனாங்க. 72,000 பேர். யார் யார் பாடப் போறாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே டிக்கெட் தீர்ந்துடுச்சு. எய்ட்ஸ் பத்தி ஜனங்களுக்குப் புரிய வைக்கணும்னு நடத்தினது, நடிகை எலிசபெத் டெய்லர் மேடைக்கு வந்து அதைப் பத்தியே பேசினாங்க, அதுல வந்த பணத்துல ஆரம்பிச்சதுதான் எய்ட்ஸுக்கு எதிரா வேலை செய்யுற மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட். முதல் பாதில மத்த பேண்டுங்க தனித்தனியா வந்து வாசிச்சாங்க, ரெண்டாவது பாதில க்வீன் மூணு பேரும் வாசிக்க ஒவ்வொருத்தரா வந்து பாடினாங்க. நாம சுத்தி சுத்தி ஷேர் பண்றது எல்லாமே ரெண்டாவது பாதிதான்.

அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. 2002ல வந்த டிவிடில முதல் பாதியே கிடையாது. என்கிட்ட இருந்தது அதுதான், அதைத்தான் தேய தேய பாத்தேன், கச்சேரியே அங்க இருந்துதான் ஆரம்பிச்சுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2013ல மறுபடி வெளியிட்டப்போதான் முதல் பாதியையும் சேத்தாங்க. அதனால நெறைய பேரு எக்ஸ்ட்ரீமைப் பாக்காததுக்கு அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இப்ப தேடினா கெடைக்குது, இன்னும் பாக்காம இருக்கலாமா சொல்லுங்க.

அன்னிக்கு எக்ஸ்ட்ரீம் எந்த நெலமைல இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பாஸ்டன் பக்கத்துப் பசங்க, கேரி செரோன் பாட்டு, நூனோ பெட்டன்கோர்ட் கிட்டார், பாட் பேட்ஜர் பேஸ், பால் கியரி டிரம்ஸ். முந்தின வருஷம்தான் அவங்களோட 'மோர் தேன் வேர்ட்ஸ்' அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு. அடுத்த ஆல்பம் அதே வருஷம் செப்டம்பர்ல வரப்போவுது. உலகம் பூரா டிவில பாத்துக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல எந்த பேண்டா இருந்தாலும் தன்னோட நாலு ஹிட்டை வாசிச்சுட்டுப் போகலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு முன்னாடி வந்த மெட்டாலிக்கா பேண்ட் தங்களோட பாட்டு மூணு வாசிச்சாங்க, அருமையா வாசிச்சாங்க, அதுவும் மரியாதைதான். எக்ஸ்ட்ரீமை மேடைக்கு பிரையன் மேதான் கூப்பிட்டாரு, க்வீன்னா என்னன்னு இந்த உலகத்துல வேற எந்த பேண்டை விடவும் இவங்களுக்குத் தெரியும்ங்குற மாதிரி சொல்லிதான் கூப்பிட்டாரு. அவங்க வந்தாங்க, முதல்ல தங்களோட பாட்டை எல்லாம் ஓரமா வச்சுட்டு க்வீன் பாட்டுங்களையே ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரு மெட்லியா வாசிச்சாங்க.

அந்த மெட்லி எதுல ஆரம்பிக்குது தெரியுமா? 'முஸ்தஃபா'ல. இங்கதான் நீங்க கொஞ்சம் நிதானமா என்கூட உக்காரணும். 72,000 பேரு இருக்குற ஸ்டேடியத்துல கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கணும்னா 'வி வில் ராக் யூ'ல ஆரம்பிச்சிருக்கலாம், அடுத்த செகண்ட் எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. 1978ல 'ஜாஸ்' ஆல்பத்தோட முதல் பாட்டா வந்த, பாதிப் பேருக்குத் தெரியாத, அரபி சாயல்ல பாங்கு மாதிரி இழுத்து ஆரம்பிக்கிற ஒரு பாட்டை எதுக்கு எடுக்கணும்? க்வீனோட மேடைப் பதிவு ஆல்பம் 'லைவ் கில்லர்ஸ்' கேட்டவங்களுக்கு இது உடனே பிடிபடும். எழுபதுகளோட கடைசில ஃப்ரெடி மேடைல 'பொஹீமியன் ராப்ஸடி'யைத் தொடங்குறப்போ அந்தக் குரல் அடுக்கு வர்ற ஆரம்பத்தை விட்டுட்டு, அதுக்குப் பதிலா முஸ்தஃபாவோட முதல் ஆலாபனையைப் பாடி அங்கருந்து உள்ள போவாரு. எக்ஸ்ட்ரீம் என்ன பண்ணாங்க? முஸ்தஃபா பாடி அங்கருந்து நேரா 'பொஹீமியன் ராப்ஸடி'யோட ராக் பகுதிக்குள்ள குதிச்சாங்க. இது ஹிட் லிஸ்ட்டைப் பாத்து தேர்ந்தெடுத்தது கிடையாது, கேசட் அறுந்து போற வரைக்கும் கேட்டவன் எடுக்குற முடிவு.

அப்புறம் பாருங்க, 'ஃபேட் பாட்டம்ட் கேர்ல்ஸ்' முடிஞ்சு 'பைசிக்கிள் ரேஸ்'. இந்த ரெண்டும் 1978ல ஒரே சிங்கிளோட ரெண்டு பக்கம், ஒரு பாட்டு இன்னொரு பாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடும், ரெண்டையும் பிரிச்சு வச்சா சரியா இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பைசிக்கிள் ரேஸ்ல அந்தக் குரல் அடுக்கு இருக்கே, ஸ்டுடியோல ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை தடவை பாடி அடுக்கினது, அதை நேர்ல வாயால பாடணும். கேரியும் நூனோவும் பாட் பேட்ஜரும் சேந்து பாடுறாங்க, நூனோ கை கிட்டார்ல ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப லேட்டாதான் உறைச்சுது. ஒரு நாள் சும்மா உக்காந்து அந்த மெட்லில வர்ற பாட்டுங்களை யார் யார் எழுதினதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டு வந்தேன். முஸ்தஃபா, ராப்ஸடி, பைசிக்கிள் ரேஸ் ஃப்ரெடி எழுதினது. 'கீப் யுவர்செல்ஃப் அலைவ்', ஃபேட் பாட்டம்ட், வி வில் ராக் யூ பிரையன். 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ', 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஜான் டீக்கன். கடைசில 'ரேடியோ காகா' ரோஜர். நடுவுல 'ஸ்டோன் கோல்ட் கிரேஸி', க்வீன்ல நாலு பேர் பேரும் சேத்துப் போட்ட முதல் பாட்டு. யோசிச்சே பண்ணாங்களா தானா அமைஞ்சுதா, எப்படி இருந்தாலும் பேப்பரைப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். செத்தவருக்கு அஞ்சலி செலுத்துன அதே நேரத்துல, அவரை இழந்துட்டு மேடைக்குப் பின்னால நின்ன மூணு பேரையும் விடாம தோள்ல கை போட்டு சேத்துக்கிட்ட மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. நம்ம ஊர்ல துக்கம் விசாரிக்கப் போனா போனவரைப் பத்தி மட்டுமா பேசுவோம், அந்த வீட்டுல மிச்சம் இருக்குறவங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுட்டுதானே வருவோம்.

ரேடியோ காகாவைப் பத்தி சொல்ல வேண்டியதே இல்ல. 1985 ஜூலை 13, லைவ் எய்ட், இதே ஸ்டேடியம், ஃப்ரெடி முன்னாடி அத்தனை கையும் ஒண்ணா மேல போய் தட்டின பாட்டு. அதை அவங்க கடைசில வச்சாங்க.

மெட்லி வேண்டாம், ஒரு பாட்டுன்னாலும் முழுசா பாடியிருக்கலாம்னு நம்மள்ல சில பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்களுக்கு என் வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும், இதை நான் குரூப்ல எழுதினதே இல்ல.

எனக்கு க்வீனைக் காட்டினவன் என் ஃப்ரெண்டு. யாருகிட்டயோ வாங்கி 'லைவ் கில்லர்ஸ்'ஸை ஒரு டிடிகே கேசட்ல பதிஞ்சு குடுத்தான், லேபிள்ல பச்சை இங்க்ல அவன் கையெழுத்து, கேசட் தீர்ந்துட்டதால கடைசிப் பாட்டு பாதில அறுந்துடும், இப்பவும் அந்தப் பாட்டை எங்க கேட்டாலும் அந்த எடத்துல மனசு நின்னுடும். 2009ல அவன் போயிட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கெளம்புனதுக்கு அப்புறம் நாங்க நாலு பேரு அவன் வீட்டு மொட்டை மாடில உக்காந்தோம், ஒருத்தன் போன்ல அவனுக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணைப் போட்டான். அரை நிமிஷம்கூட ஓடல, இன்னொருத்தன் "இதைவிட அந்தப் பாட்டுதான்டா அவனுக்கு உசிரு"ன்னு சொல்லி மாத்தினான், அதுவும் ஓடல, அதுக்குள்ள எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரு பாட்டும் முழுசா கேக்கல. முழுசா கேக்க முடியல. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு வந்து நிக்குது, ஒண்ணுல தங்குனா மத்ததை விட்டுட்ட மாதிரி இருக்கு, தங்குனா அழுகையும் வந்துடும்.

நாலு வருஷம் கழிச்சு எக்ஸ்ட்ரீம் வாசிச்சதை முதல் தடவை பாத்தப்போ, முஸ்தஃபா ஆரம்பிச்ச உடனே எனக்கு அந்த பச்சை இங்க் ஞாபகம் வந்துச்சு. அடுத்தடுத்து பாட்டு மாற மாற அந்த மாடிதான் தெரிஞ்சுது. மனசுல இருக்குறது எல்லாம் ஒண்ணா தள்ளிக்கிட்டு வந்தா அது அப்படித்தான் வெளிய வரும், அதனாலதான் மெட்லி.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். சத்தம் எல்லாம் அடங்கி கேரியும் நூனோவும் மட்டும், ஒரு அகூஸ்டிக் கிட்டார். 'லவ் ஆஃப் மை லைஃப்' கொஞ்சம். ஃப்ரெடியும் பிரையனும் மேடைல ரெண்டே பேரா வந்து பண்ணுவாங்களே, கூட்டமே பாடி முடிக்குமே, அந்தப் பாட்டு. அங்கருந்து மெதுவா 'மோர் தேன் வேர்ட்ஸ்'க்குள்ள போறாங்க. நூனோவோட வலது கையைப் பாருங்க, டிரம்ஸ் கிடையாது, கம்பியை மீட்டிக்கிட்டே நடுவுல விரலால ஒரு தட்டு தட்டுவாரு, அந்த தட்டுதான் தாளம். ஒரு பாடகர், ஒரு கிட்டார்காரர், மீதி கூட்டம். இந்தப் பாட்டு எங்கருந்து வந்துச்சுன்னு அதுக்கு முந்தின ஒரு நிமிஷத்துலயே சொல்லிட்டாங்க. தங்களோட பெரிய ஹிட்டை வாசிச்சாங்க, அதையும் ஃப்ரெடியோட காலடில வச்சுட்டுதான் வாசிச்சாங்க.

ராத்திரி கேரி மறுபடி மேடைக்கு வந்து, பிளாக் சப்பாத் பேண்டோட டோனி அயோமி கிட்டாரோட, நிஜ க்வீன் பின்னாடி வாசிக்க, 'ஹாமர் டு ஃபால்' பாடுறாரு. அதையும் பாருங்க. ஃப்ரெடியைப் போல பாடணும்னு ஒரு இடத்துலயும் அவரு முயற்சி பண்ணல, ஓடுறாரு, குதிக்கிறாரு, சின்ன வயசுல கண்ணாடி முன்னாடி பாடிக்கிட்டிருந்தவனுக்கு நெஜ மேடை கெடச்ச சந்தோஷம் அந்த உடம்புல தெரியுது.

அதனால என் வேண்டுகோள் இதுதான். ஃப்ரெடி இடத்துக்கு யாருங்குற பேச்சை இந்த வருஷம் ஒரு நாளாவது நிறுத்தி வைங்க. அன்னிக்கு மேடை ஏறுன யாரும் அந்த இடத்தைக் கேட்டு வரல. ஜார்ஜ் மைக்கேலைப் போடுங்க, ஆனி லென்னாக்ஸையும் டேவிட் போவியையும் போடுங்க, போவி மண்டி போட்டு ஜெபம் சொன்னதையும் போடுங்க, கூடவே எக்ஸ்ட்ரீமையும் போடுங்க. முக்கியமா, வெட்டாதீங்க. 'மோர் தேன் வேர்ட்ஸ்' மட்டும் தனியா வெட்டிப் போட்டா அது சும்மா ஒரு ஹிட் பாட்டு. முஸ்தஃபால ஆரம்பிச்சு, கடைசி தட்டு வரைக்கும் ஒரே மூச்சா பாத்தாதான் அது என்னன்னு தெரியும். குரூப் அட்மின்களுக்கும் சொல்றேன், ஏப்ரல் 20 ராத்திரி ஒரு நேரம் குறிச்சு எல்லாரும் ஒண்ணா பாக்குற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, புதுசா வந்த பசங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, 'லைவ் கில்லர்ஸ்'ல ராப்ஸடியை ஒரு தடவை கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

ஒம்போது மணின்னா எனக்கு வசதி. அன்னிக்கு நாங்க மூணு பேரு அந்த மாடிலதான் இருப்போம், அவங்க அம்மாகிட்ட சொல்லி வச்சாச்சு, ஸ்பீக்கரும் எடுத்துட்டுப் போறோம்.

இப்படிக்கு,
உங்கள்ல ஒருத்தன்