27 வாரங்களில் பிறந்த எங்கள் மகளுக்காக ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

27 வாரங்களில், 940 கிராம் எடையுடன் பிறந்த எங்கள் மகளுக்கு இந்த வாரம் 9 வயது நிறைவடைகிறது. அவளைப் பிழைக்க வைத்தவர்களுக்கு அன்றே நன்றி சொல்லிவிட்டோம். பிழைத்த பிறகும் அவளை விடாமல் கவனித்து வந்தவர்களுக்கு முறையாகச் சொல்லவில்லை என்ற உறுத்தலில் இதை எழுதுகிறோம்.

முதல் வாரத்தில் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் செய்து, மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று சொன்ன மருத்துவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளையின் மேற்பரப்பில் பெரும்பாலான மடிப்புகள் விழுகின்றன என்றும், இவளுக்கு அந்த வேலை வெளிச்சத்துக்கும் இயந்திர ஒலிக்கும் நடுவே நடக்கப்போகிறது என்றும், ஆகவே ஸ்கேன் நன்றாக இருந்தாலும் பள்ளிப் பருவம் வரை தொடர் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

இன்குபேட்டர்மேல் துணி போர்த்தி, தாழ்ந்த குரலில் பேசி, குழந்தையை வெற்று மார்போடு அணைத்துவைத்திருக்கும் கங்காரு பராமரிப்பை எங்கள் இருவருக்கும் கற்றுத்தந்த செவிலியர்களுக்கு நன்றி. 16 மாதத்தில் அவள் நடந்தபோது, நிறைமாதத்தில் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் திருத்திய வயதுப்படி அது 13 மாதம்தான் என்று நீங்கள் போட்டுக்காட்டிய கணக்குதான் உறவினர்களின் கேள்விகளுக்கு எங்களிடம் இருந்த ஒரே பதில்.

இரண்டாம் வகுப்பில்தான் சிக்கல் தெரிந்தது. அவள் குறும்பு செய்யமாட்டாள், எழுந்து ஓடமாட்டாள். ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள், கணக்கில் பாதியில் நின்றுவிடுவாள். சோம்பல் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார்கள். (நாங்களும் அவளைத் திட்டியிருக்கிறோம், அது இன்றும் வலிக்கிறது.) முறையாகச் சோதித்த உளவியலாளர், அறிவுத்திறனில் குறையில்லை, கேட்டதை மனத்தில் நிறுத்திவைத்து வேலை செய்யும் திறனும் வேகமும்தான் குறைவு என்றும், துறுதுறுப்பு இல்லாத கவனக்குறைவும் பதற்றமும் மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் அதிகம் காணப்படுபவை என்றும் சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

அந்த அறிக்கையை ஒதுக்கிவைக்காமல் படித்த வகுப்பாசிரியைக்கு எங்கள் தனி நன்றி. "புத்தகத்தை எடு" என்று சொல்லிக் காத்திருந்து, பிறகு "14-ஆம் பக்கம்" என்று சொல்லிக் காத்திருந்து, அதன்பின் "மூன்றாவது கணக்கு" என்றீர்கள். அவள் விரல்விட்டு எண்ணியதைத் தடுக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்த்து அட்டை கொண்டுவருவாள். எழுத்து சற்றுக் கோணலாக இருக்கும், எழுதியது அவள்தான்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்